விளக்கக் கட்டுரை எழுதுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டுரையைத் திருத்திக் கொடுங்கள் என்று வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளையும் சரி, போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவரும் சரி. அந்தக் கேள்விகளையும் நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். உதாரணத்துக்கு முழுக்க ஒரே பொருளைப் பிடித்துக்கொண்டேன்: ஏரி. நம்மில் பெரும்பாலானோர் பார்த்தது, ஆனால் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் பாதிப் பேர் திணறுவது. விளக்கக் கட்டுரைக்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்காது.

விளக்கக் கட்டுரை என்றால் என்ன? மற்றக் கட்டுரைகளிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

ஒரு விஷயம் தெரியாதவருக்கு அது என்ன, எப்படி நடக்கிறது, ஏன் அப்படி நடக்கிறது என்று புரியவைப்பது விளக்கக் கட்டுரை. படித்து முடித்தவர் அதைத் தன் வீட்டில் இன்னொருவருக்குச் சொல்ல முடிந்தால் கட்டுரை தேறிவிட்டது.

கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியை எடுத்துக்கொள்வோம். ஆடி மாதத்தில் அது கரை தெரியாமல் விரிந்து கிடப்பதைக் கண்முன் நிறுத்தினால் வர்ணனை. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ அந்த ஏரிக்கரையில் அப்படித்தான் தொடங்குகிறது. கதைக்கு அங்கே காட்சிதான் வேண்டும். வீராணத்துத் தண்ணீரைச் சென்னைக்குக் கொண்டுபோவது நியாயமா என்று வாதாடினால் கருத்துக் கட்டுரை. கொள்ளிடத்துத் தண்ணீர் எந்த வழியாக வீராணத்துக்கு வந்து, எப்படித் தேங்கி, எப்படிப் பிரிந்து போகிறது என்று சொன்னால் விளக்கக் கட்டுரை. பிள்ளைகள் எழுதுவதில் முக்கால்வாசி இந்த மூன்றும் கலந்த கூட்டாக இருக்கும். ‘விளக்குக’ என்று கேட்டிருப்பார்கள். வர்ணனையில் ஆரம்பித்து, அறிவுரையில் முடித்து, நடுவில் விளக்கத்தை மட்டும் விட்டிருப்பார்கள்.

பள்ளியில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று எழுதினோமே, அதுதானே இது?

சட்டகம் அதுதான். ஆனால் பள்ளியில் குறிப்புகளையும் கொடுத்துவிடுவார்கள்: முன்னுரை, நீரின் இன்றியமையாமை, நீர்நிலைகள், நம் கடமை, முடிவுரை. ஒவ்வொரு குறிப்புக்கும் ஐந்து வரி நிரப்பினால் மதிப்பெண் வந்துவிடும். இதில் நாம் கற்றுக்கொண்டது நிரப்புவதை. எதை முதலில் சொன்னால் எது புரியும் என்று யோசிக்கிற வேலையைக் குறிப்பு போட்டவரே முடித்துவிட்டார். விளக்கக் கட்டுரையில் அந்த வேலைதான் முக்கால் பங்கு, அது இனி உங்களுடையது.

தலைப்பு பெரிதாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

தலைப்பை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘தமிழக ஏரிகள்’ என்பது தலைப்பு அல்ல, அலமாரி. அதிலிருந்து ஒரு பொருளை எடுத்து, அதைக் கேள்வியாக மாற்றுங்கள்.

தமிழக ஏரிகள் என்பது முதலில் வீராணம் ஏரி ஆகிறது. அடுத்து, வீராணத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேள்வியாகிறது. இன்னும் ஒரு படி இறங்கினால், ‘கடலூர் மாவட்டத்தில் மழையே இல்லாதபோதும் வீராணம் நிரம்புவது எப்படி?’ இந்தக் கடைசிக் கேள்வி கிடைத்ததும் கட்டுரை தானாக நகர ஆரம்பித்துவிடும். ஏனென்றால் அதற்குள் ஒரு புதிர் இருக்கிறது. மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் காவிரியிலும் கொள்ளிடத்திலும் ஓடி, கொள்ளிடத்தின் குறுக்கே உள்ள கீழணையில் தடுக்கப்பட்டு, வடவாறு என்ற கால்வாயில் திரும்பி வீராணத்தை அடைகிறது என்பதுதான் விடை. தூரத்து மழை இந்த ஏரியை நிரப்புகிறது. இதைத் தெரிந்துகொண்டபோது உங்களுக்கு வந்த அந்த ‘அட!’ வாசகருக்கும் வரவேண்டும்.

தேர்வில் தலைப்பை மாற்ற முடியாதே என்பார்கள். தலைப்பை மாற்ற வேண்டாம். எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போகிறீர்கள் என்பதை முதல் பத்தியில் நீங்களே தீர்மானித்துச் சொல்லிவிடலாம்.

எழுத உட்காரும் முன் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

எழுதப்போவதைவிட மூன்று மடங்கு. இல்லாவிட்டால் தெரிந்த எல்லாவற்றையும் கொட்ட வேண்டிவரும், கொட்டியது தெரிந்துவிடும்.

ஊர் ஏரியைப் பற்றி எழுதுகிறீர்கள் என்றால் ஒருமுறை கரைமேல் நடந்து பாருங்கள். பாசனத்துக்குத் திறக்கும் மதகு எந்தப் பக்கம், ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய் எங்கே நுழைகிறது, மிச்சம் வழியும் கலங்கல் எந்த ஓரத்தில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்தால் பாதிக் கட்டுரை முடிந்தது. நீர் பாய்ச்சும் பொறுப்பில் இருக்கும் நீர்க்கட்டி இன்னும் சில ஊர்களில் இருக்கிறார். அவரிடம் பத்து நிமிடம் பேசினால் புத்தகத்தில் இல்லாத விஷயம் வரும். அப்புறம் நீர்வளத் துறையின் விவரங்கள், நாளிதழில் வரும் நீர்மட்டச் செய்திகள், கல்வெட்டு பற்றிய நூல்கள். கைப்பேசியில் சுற்றிவரும் ‘நம் முன்னோர் அதிசயம்’ வகைச் செய்திகளை ஒதுக்கிவிடுங்கள். அவற்றில் பெருமை இருக்கும், எப்படி என்பது இருக்காது.

மையக் கருத்து என்று ஒரு வரி வேண்டும் என்கிறார்களே?

வேண்டும். கட்டுரை முழுவதும் எதை விளக்கப்போகிறதோ அதை ஒரே வாக்கியத்தில் தாளின் மேலே எழுதி வையுங்கள். ‘ஏரி முக்கியமானது’ என்பது மையக் கருத்து ஆகாது. அதை யாரும் மறுக்கவில்லை, விளக்கவும் அதில் ஒன்றும் இல்லை. ‘கிராமத்து ஏரி தனியாக நிற்கும் பள்ளம் அல்ல; மேலூர் ஏரி நிரம்பி வழிந்தால் கீழூர் ஏரிக்குப் போகும்படி கோத்த சங்கிலியின் ஒரு கண்ணி’ என்று எழுதினால் அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது: எப்படி வழிகிறது, எப்படிப் போகிறது, நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகிறது.

முன்னுரையில் திருக்குறள் போடலாமா?

போடலாம். ஆனால் நீரைப் பற்றிய கட்டுரைகளைத் திருத்தும்போது முதல் வரியைப் படிக்காமலே ‘நீரின்றி அமையாது உலகு’ என்று என்னால் சொல்லிவிட முடிகிறது. நூறு தாளில் எண்பது தாள் அப்படித்தான் வந்தால் திருத்துகிறவர் என்ன செய்வார்? குறள்மேல் குறை இல்லை. அந்த இடத்தில் அது சிந்திப்பதைத் தள்ளிப்போடும் சாக்காகிவிட்டது.

விளக்கக் கட்டுரையின் முன்னுரைக்கு இரண்டே வேலை. என்ன கேள்விக்குப் பதில் வருகிறது என்று சொல்ல வேண்டும். அந்தக் கேள்வி ஏன் சுவையானது என்று காட்ட வேண்டும். இப்படி: ‘கரைக்கு வெளியே நின்று பார்த்தால் ஏரி, மண் மேடு போட்டுத் தடுத்த தண்ணீர். அந்த மண் மேடு நூற்றாண்டுக் கணக்கில் பெருமழைகளைத் தாங்கி நிற்கிறது. மண்ணைக் கரைக்கும் தண்ணீரை மண்ணாலேயே எப்படிக் கட்டிப்போட்டார்கள்?’ மூன்று வாக்கியம். போதும்.

ஒரு பத்தியை எப்படிக் கட்டுவது?

இதுதான் முக்கியமான கேள்வி, ஆனால் அதிகம் பேர் கேட்பதில்லை. முதலில், வழக்கமாக வருகிற ஒரு பத்தியைப் பாருங்கள்:

‘ஏரியில் கரை, மதகு, கலங்கல் ஆகியவை உள்ளன. மதகு மிகவும் முக்கியமானது ஆகும். கலங்கலும் மிகவும் இன்றியமையாதது ஆகும். இவற்றை அமைத்த நம் முன்னோர்களின் அறிவு வியக்கத்தக்கது ஆகும்.’

பிழை எதுவும் இல்லை. படித்தவருக்குக் கலங்கல் என்றால் என்ன என்று தெரிந்ததா? இல்லை. முக்கியம் என்றார், இன்றியமையாதது என்றார், வியந்தார். எதற்கு வியக்க வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை.

இப்போது அதே விஷயம்:

‘ஏரிக்கரை மண்ணால் ஆனது. தண்ணீர் அதன் மேலேறி வழிந்தால், வழிகிற இடத்தில் மண் அரிபடும்; கையளவாகத் தொடங்கும் அரிப்பு சற்று நேரத்தில் உடைப்பாகிவிடும். ஆகவே கரைக்குச் சேதம் வருமுன் தண்ணீர் வெளியேற வேறு வழி தேவை. கரையின் ஓர் ஓரத்தில், கரை உச்சியைவிடத் தாழ்வாக, கல்லால் கட்டிய ஒரு திறப்பு இருக்கும். அதுதான் கலங்கல். ஏரி நிரம்பியதும் மிச்சத் தண்ணீர் கலங்கலைத் தாண்டிக் கால்வாயில் இறங்கி அடுத்த ஏரிக்குப் போகும். யாரும் நள்ளிரவில் எழுந்துவந்து கதவைத் திறக்க வேண்டியதில்லை. கல்லின் உயரமே காவலாள்.’

என்ன நடந்தது என்று பாருங்கள். முதலில் ஒரு ஆபத்து வந்தது. ஆபத்து எப்படி நேர்கிறது என்பது வந்தது. அதனால் ஒரு தேவை பிறந்தது. அந்தத் தேவைக்குப் பதிலாகத்தான் கலங்கல் என்ற சொல்லே உள்ளே வருகிறது. பொருள் வரும்போது வாசகர் அதற்காகக் காத்திருக்கிறார். சொல்லை முதலில் வைத்துவிட்டு ‘என்பது யாதெனில்’ என்று இழுப்பதைவிட இது பத்து மடங்கு நன்றாக வேலை செய்யும். ஒரு பத்திக்கு ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் முடிந்ததும் பத்தியும் முடியும். இங்கே கேள்வி ‘நிரம்பினால் கரை ஏன் உடைவதில்லை?’ மதகு அடுத்த பத்திக்கு. மதகையும் கலங்கலையும் ஒரே பத்தியில் திணித்தால், பாசனத்துக்கு வேண்டியபோது திறந்துவிடுவது எது, மிச்சம் தானாக வழிவது எது என்று வாசகர் குழம்பிவிடுவார்.

எந்த வரிசையில் சொல்வது?

பொருள் எப்படி நடக்கிறதோ அப்படி. ஏரி என்றால் தண்ணீரின் பின்னாலேயே போங்கள்: நீர்ப்பிடிப்பு, வரத்துக் கால்வாய், தேக்கம், மதகு, வயல், மிச்சம் கலங்கல். காரணம் கேட்டால் விளைவிலிருந்து பின்னோக்கி நடக்கலாம். ஒப்பிடச் சொன்னால் ஒரே அளவுகோலை இரண்டுக்கும் வையுங்கள். ஏரியின் பரப்பையும் கிணற்றின் பழமையையும் ஒப்பிட்டு ஒன்றும் வராது.

கலைச்சொற்களை என்ன செய்வது? ஆங்கிலச் சொல்லா, தமிழ்ச் சொல்லா?

ஊரில் ஒரு சொல் புழக்கத்தில் இருந்தால் அதுதான் கலைச்சொல். அகராதியைப் பிரிக்கும் முன் ஊர்க்காரரைக் கேளுங்கள். நான் மேலே ‘கலங்கல்’ என்று எழுதினேன். சிலர் ‘கலிங்கு’ என்பார்கள். வட மாவட்டங்களில் ஏரி நிரம்பினால் ‘கோடி போகிறது’ என்பார்கள். தெற்கே குளம் ‘மறுகால் பாய்கிறது’. இலங்கையில் அதே குளம் ‘வான் பாய்கிறது’, திறப்பது வான்கதவு. நீர்நிலையின் பெயரே மாறுகிறது: வடக்கே ஏரி, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் கண்மாய், நெல்லையில் குளம். இத்தனை இருக்க, ‘உபரிநீர் வெளியேற்றுக் கட்டமைப்பு’ என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபமே வரும்.

முறை இதுதான்: ஒரு சொல்லைத் தேர்ந்தெடுங்கள், முதல்முறை வரும் இடத்திலேயே அது என்னவென்று புரியும்படி செய்யுங்கள், பிறகு கடைசிவரை அதையே பயன்படுத்துங்கள். அழகுக்காக ஒரு பத்தியில் கலங்கல், அடுத்ததில் மறுகால் என்று மாற்றினால் இரண்டும் வேறு பொருள்கள் என்று வாசகர் நினைப்பார். கதையில் ஒரே சொல் திரும்ப வந்தால் அலுப்பு. விளக்கத்தில் அது பிடிமானம்.

மோட்டார், பம்ப், சிமெண்ட் போன்றவற்றை அப்படியே எழுதலாம். எல்லாருக்கும் தெரிந்த சொல்லை மொழிபெயர்த்துப் புரியாத சொல்லாக்க வேண்டாம்.

எண்கள் போட்டால் கட்டுரை கனமாகுமா?

கனமாகும். தூக்க முடியாத கனமாகவும் ஆகலாம். ‘வீராணம் ஏரியின் முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி’ என்று எழுதினால் சரியான தகவல்தான். படிப்பவர் மனத்தில் அது எதையும் எழுப்பாது. ஒரு கன அடி சுமார் 28.3 லிட்டர். பெருக்கினால் ஏறக்குறைய 4,150 கோடி லிட்டர். இதுவும் இன்னும் வெறும் எண்தான். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஏற்றினால் சுமார் முப்பத்து நான்கரை லட்சம் லாரிகள் என்றால் லேசாக அசைகிறது.

இன்னும் நல்ல வழி, எண்ணை இன்னொரு எண்ணோடு உரச விடுவது. 2004 முதல் இந்த ஏரித் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்குப் போகிறது. அந்தத் திட்டத்தின் அளவு நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர். முழு ஏரியையும் சென்னைக்கே கொடுத்தாலும், புதிதாகத் தண்ணீர் வராவிட்டால், சுமார் 230 நாள்தான் வரும். ஆவியாவது தனி. இதே ஏரியை நம்பிச் சுமார் 45,000 ஏக்கர் நிலமும் இருக்கிறது. ஆக, ஏரி ஆண்டுக்கு ஒரு தடவை நிரம்பினால் போதாது, மீண்டும் மீண்டும் நிரம்ப வேண்டும், அதற்குத்தான் கீழணையும் வடவாறும் என்று வாசகருக்குத் தானாகப் பிடிபடுகிறது. மூன்று எண், ஒரு முடிவு. எண் ஏதாவது ஒன்றை நிரூபிக்க வேண்டும். சும்மா வந்து உட்காரும் எண்ணை வெளியே அனுப்பிவிடுங்கள்.

உவமை பயன்படுத்தலாமா?

ஒன்று, கைக்கு எட்டிய பொருளாக. கைகழுவும் தொட்டியின் மேல் ஓரத்தில் ஒரு ஓட்டை இருக்குமே, குழாயை மூட மறந்தாலும் தரையில் வழியாமல் காப்பது, கலங்கலுக்கு அது போதும். ‘ஏரி நம் தாயைப் போன்றது’ என்பது உவமைதான், ஆனால் ஒன்றையும் விளக்கவில்லை.

என் சொந்தக் கருத்தைச் சொல்லக் கூடாதா?

‘நான் நினைக்கிறேன்’ என்று எழுத வேண்டியதில்லை. ஆனால் எதை விரிவாகச் சொல்கிறீர்கள், எதை ஒரு வரியில் தாண்டுகிறீர்கள் என்பதே உங்கள் கருத்துதான். வரத்துக் கால்வாயில் வீடு கட்டினால் ஏரி வறண்டுபோவதோடு, மழைக்காலத்தில் அந்த வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வரும் என்பதை வரிசையாக விளக்கிவிட்டால், ‘ஆக்கிரமிப்பை அகற்றுவோம்’ என்று முழங்க வேண்டிய அவசியமே இல்லை.

எழுதியதை எப்படித் திருத்துவது? எதைப் பார்த்து?

இதற்கு நம்மிடம் எண்ணூறு ஆண்டுப் பழமையான பட்டியல் இருக்கிறது. பவணந்தி முனிவர் நன்னூலில், நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைச் சொல்கிறார். தமிழ் வகுப்பில் மனப்பாடம் செய்து மறந்திருப்பீர்கள். அதை எடுத்து வைத்துக்கொண்டு கட்டுரையைப் படித்துப் பாருங்கள், சுரீரென்று இருக்கும்.

குன்றக் கூறல்: மதகு என்று சொல்லிவிட்டு அது என்ன செய்கிறது என்று சொல்லாமல் போவது. மிகைபடக் கூறல்: எல்லாருக்கும் தெரிந்ததை ஒரு பத்தி நீட்டுவது. கூறியது கூறல்: முன்னுரையில் சொன்னதை முடிவுரையில் வேறு சொற்களில் மறுபடி சொல்வது. மாறுகொளக் கூறல்: மேலே 45,000 ஏக்கர் என்றும் கீழே 40,000 என்றும் எழுதுவது. வெற்றெனத் தொடுத்தல் என்றால் பொருளில்லாமல் சொற்களைக் கோத்துக்கொண்டே போவது. மேலே பார்த்த ‘ஆகும், ஆகும்’ பத்தி அதற்கு நல்ல உதாரணம்.

என் அனுபவத்தில் நல்ல மாணவர்களைக் கவிழ்ப்பது மற்றொன்று விரித்தல்தான். வீராணத்தை 10ஆம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில் வெட்டினார்கள். வீரநாராயணன் என்ற அவனுடைய பட்டப்பெயரே ஏரிக்கு வந்தது. அதே பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று ஒரு குழு வருகிறது. அருமையான தொடர்பு. ஏரி வாரியம் வந்ததும் அதற்கு ஆள் தேர்ந்தெடுத்த குடவோலை முறை வரும். குடவோலை வந்ததும் யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்பது வரும். இரண்டு பக்கம் கழித்துப் பார்த்தால் ஏரியைக் காணோம். படித்தவர்களுக்கு வரும் நோய் இது, எனக்கும் உண்டு. மருந்து: அந்தப் பகுதியை வெட்டித் தனித் தாளில் ஒட்டி வையுங்கள். அடுத்த கட்டுரைக்கு ஆகும்.

சென்று தேய்ந்து இறுதல் இன்னொன்று. கம்பீரமாகத் தொடங்கி, போகப் போகச் சுருங்கி, கடைசிப் பக்கத்தில் மூச்சு வாங்குவது. நேரம் போதாததன் அடையாளம்.

‘செய்யப்படுகிறது’, ‘ஆகும்’ என்றெல்லாம் எழுதினால்தானே கட்டுரை நடை?

அப்படி ஒரு நம்பிக்கை இருக்கிறது. ‘நீரானது மதகின் வழியாக விவசாயிகளால் திறந்துவிடப்படுகிறது’ என்பதைவிட ‘நீர்க்கட்டி மதகைத் திறக்கிறார்’ என்பது சின்னது, தெளிவானது, யார் செய்கிறார் என்பதும் தெரிகிறது. ஒவ்வொரு வாக்கியத்திலும் யார், என்ன செய்தார் என்று கேட்டுப் பாருங்கள். வாக்கியம் மூச்சுக்கு மேல் நீண்டால் இரண்டாக உடையுங்கள். பேச்சுத் தமிழில் எழுதச் சொல்லவில்லை. பேசும்போது வருகிற ஒழுங்கில் எழுதுங்கள் என்கிறேன்.

முடிவுரையில் என்ன எழுதுவது?

‘ஆகவே ஏரிகளைக் காப்போம், வளம் பெறுவோம்’ வேண்டாம். முன்னுரையில் எழுப்பிய கேள்விக்கு முழுப் பதிலும் கிடைத்த இடம் எதுவோ அதுதான் முடிவு. கலங்கலில் வழிந்த தண்ணீர் சங்கிலியின் கடைசி ஏரியையும் நிரப்பி ஆற்றிலோ கடலிலோ சேருகிறது என்று சொல்லி நிறுத்தலாம். பள்ளித் தேர்வில் ‘முடிவுரை’ என்ற துணைத்தலைப்பு கட்டாயம் என்றால் போட்டுவிடுங்கள், அதன் கீழே இதையே எழுதுங்கள்.

தேர்வில் அரை மணி நேரம்தான். இதெல்லாம் நடக்குமா?

முதல் ஐந்து நிமிடம் எழுதாதீர்கள். கேள்வியை ஒரு வரியில் எழுதி, அதன் கீழே நான்கைந்து துணைக்கேள்விகளைப் பென்சிலில் குறியுங்கள். அதுவே பத்திகள். இருபது நிமிடம் எழுத்து, ஐந்து நிமிடம் திருத்தம். பக்கத்து மேசைக்காரர் இரண்டாம் நிமிடத்திலேயே எழுத ஆரம்பித்துவிட்டாரே என்று பதற வேண்டாம். அவர் ‘நீரின்றி அமையாது உலகு’ எழுதிக்கொண்டிருப்பார்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் எழுதி வாங்கினால் என்ன?

வாங்கலாம், ஆனால் எழுதக் கற்றது அதுவாக இருக்கும், நீங்களாக இருக்காது. நீங்கள் எழுதியதைக் கொடுத்து ‘எந்த இடம் புரியவில்லை’ என்று கேட்பது பயனுள்ள வேலை. அது தரும் ஆண்டையும் எண்ணையும் மட்டும் சரிபார்க்காமல் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வீட்டில் எப்படிப் பயிற்சி செய்வது?

நீங்கள் தினமும் செய்கிற, மற்றவருக்குத் தெரியாத ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இட்லி மாவு ஏன் குளிர்காலத்தில் பொங்குவதில்லை, சைக்கிள் பஞ்சரை எப்படிக் கண்டுபிடிப்பது, ரேஷன் கடையில் கைரேகை பதியாவிட்டால் என்ன செய்வார்கள். முந்நூறு சொல் போதும். எழுதி முடித்ததும் அந்த விஷயம் தெரியாத ஒருவரிடம், வீட்டுப் பாட்டியோ பக்கத்து வீட்டுப் பையனோ, சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அவர் குறுக்கே ‘அது ஏன்?’ என்று கேட்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். பதிலை வாயால் சொல்லிச் சமாளிக்காமல், அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் எழுதிச் சேருங்கள். மறுநாள் அவரிடமே மறுபடி படியுங்கள்.